கரண்ட் இல்லாமல் சிலிக்கன் மேல் வெள்ளி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். சிலிக்கன் தகட்டை ஒரு கரைசலில் முக்கி எடுத்தால் வெள்ளி, தங்கம், செம்பு எல்லாம் நானோ துகளாக அதன் மேல் படியும், அதற்குக் கரண்டும் வேண்டாம், வாக்யூம் மெஷினும் வேண்டாம் என்று. அதற்கு வந்த கடிதங்களில் பாதி, வேதியியல் தெரிந்தவர்கள் எழுதியது கூட இல்லை. வெள்ளிப் பட்டறை, பிளேட்டிங் ஷாப், சாயப்பட்டறை, தென்னந்தோப்பு என்று நாலாபக்கமிருந்தும் கேட்டிருக்கிறார்கள். இந்த வாரம் முழுக்க அதற்கே ஒதுக்குகிறேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்: எங்களுக்குக் கொலுசுப் பட்டறைங்க. பழைய வெள்ளியைத் திராவகத்தில் கரைத்து, செம்புத் தகடு போட்டுச் சுத்த வெள்ளியை இறக்குவோம். சிலிக்கனை வெள்ளிக் கரைசலில் போட்டாலும் வெள்ளி இறங்குகிறது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எங்கள் வேலை மாதிரியே இருக்கிறது. ரெண்டும் ஒண்ணுதானுங்களா?

ஒன்றேதானுங்க. நைட்ரிக் திராவகத்தில் கரைந்த வெள்ளி, எலக்ட்ரானை இழந்த அயனியாகத் தண்ணீருக்குள் சுற்றுகிறது. செம்பைப் போட்டதும் செம்பு தன் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டுத் தான் கரைகிறது, வெள்ளி அதை வாங்கிக்கொண்டு உலோகமாக இறங்குகிறது. தகட்டின் மேல் சாம்பல் நிறத்தில் வெள்ளி பொசுபொசுவென்று வளர்வதும், கரைசலில் நீலம் ஏறிக்கொண்டே போவதும் உங்களுக்குத் தினமும் பார்க்கிற காட்சி. அந்த நீலம், கரைந்துபோன செம்பு.

சிலிக்கனிலும் இதே கொடுக்கல் வாங்கல்தான். எது எவ்வளவு சுலபமாக எலக்ட்ரானை விடும் என்பதை வோல்ட் கணக்கில் சொல்வார்கள். வெள்ளிக்கு 0.80, செம்புக்கு 0.34, ஃபுளோரைடு கலந்த கரைசலில் இருக்கிற சிலிக்கனுக்கு மைனஸ் 1.2 பக்கம். இந்த எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு எளிதாக அது எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும். செம்புக்கும் வெள்ளிக்கும் நடுவில் அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு, சிலிக்கனுக்கும் வெள்ளிக்கும் நடுவில் கிட்டத்தட்ட 2 வோல்ட். அதனால் வெள்ளியை இறக்குகிற உந்துதல் சிலிக்கனில் இன்னும் அதிகம். ஒரு சிலிக்கன் அணு 4 எலக்ட்ரானைக் கொடுக்கும், ஒரு செம்பு அணு 2 தான் கொடுக்கும். எடைக்கணக்கில் பார்த்தால் 63.5 கிராம் செம்பு கரைந்தால் 216 கிராம் வெள்ளி இறங்குகிறது, சிலிக்கனோ 28 கிராம் கரைந்தாலே 432 கிராம் இறங்கும்.

அப்படியென்றால் கடையில் ஒரு வேஃபர் (மெல்லிசாக அறுத்த சிலிக்கன் தகடு) துண்டை வாங்கி உங்கள் தொட்டியில் போட்டால் வெள்ளி இறங்குமா? இறங்காது. இங்கேதான் விஷயமே இருக்கிறது. காற்றுப் பட்ட சிலிக்கன் மேல் ஒன்றிரண்டு நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்) தடிமனுக்கு ஆக்சைடு போர்த்திவிடும். கண்ணாடியும் அதுவும் ஏறக்குறைய ஒரே சரக்கு, எலக்ட்ரான் அதைத் தாண்டி வெளியே வராது. அதைக் கரைக்கிற அமிலம் ஒன்றுதான் வழக்கத்தில் இருக்கிறது, ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். லேபில் எச்.எஃப். என்பார்கள். ஒருமுறை ஆக்சைடைக் கழுவினால் மட்டும் போதாது. வெள்ளி இறங்க இறங்க சிலிக்கன் அந்த இடத்திலேயே மறுபடி ஆக்சைடாக மாறும், அதையும் உடனுக்குடன் கரைத்துக்கொண்டே இருந்தால்தான் வேலை தொடரும். அதனால் வெள்ளி நைட்ரேட்டும் எச்.எஃப்.பும் ஒரே கரைசலில் சேர்ந்தே இருக்க வேண்டும். எச்.எஃப். இல்லாவிட்டால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொஞ்சம் துகள் வந்துவிட்டு அதோடு நின்றுவிடும்.

உங்கள் செம்புக்கு இந்தத் தொல்லை இல்லை, திராவகத்திலேயே அதன் களிம்பு கரைந்துவிடுகிறது.

கோபிசெட்டிபாளையம் பக்கமிருந்து எம்.எஸ்ஸி. மாணவி: புராஜெக்டுக்கு இதைத்தான் செய்கிறேன். 20 மில்லிமோலார் (கரைசலின் செறிவைச் சொல்கிற அளவு) வெள்ளி நைட்ரேட்டும் எச்.எஃப்.பும் கலந்த கரைசலில் 5 நிமிடம் வேஃபரை வைக்கிறேன். ஒரு ஓரத்தில் வெள்ளையாகத் திரள்கிறது, நடுவில் திட்டுத்திட்டாக ஒன்றுமே இல்லை. கழுவும்போது படலம் உரிந்து தண்ணீரோடு போகிறது. எஸ்.இ.எம்.மில் (எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில்) பார்த்தால் உருண்டைத் துகள் எங்கேயும் இல்லை, பெரணி இலை மாதிரி கிளை கிளையாக இருக்கிறது. என்ன தப்பு?

கண்ணு, உன் கடிதத்தில் மூன்று தனித்தனிப் பிரச்சினை இருக்கிறது, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் அந்தக் கிளைகள். வெள்ளி சிலிக்கன் மேல் பரவிப் படலமாகப் படியாது, அதற்குச் சிலிக்கனை விட வெள்ளியோடு ஒட்டவே விருப்பம். அதனால் ஆரம்பத்திலேயே தனித்தனித் தீவாகத்தான் உட்காரும், அந்தத் தீவுகள்தான் உனக்கு வேண்டிய நானோ துகள்கள். அப்புறம் வருகிற வெள்ளி அயனிக்குச் சிலிக்கனைத் தேடிப் போக வேண்டிய அவசியம் இல்லை. ஏற்கெனவே உட்கார்ந்த வெள்ளி வழியாகவே எலக்ட்ரான் வந்துவிடுகிறது, அதனால் அதன் மேலேயே ஏறுகிறது. கரைசலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற முனைக்குப் புது அயனி முதலில் கிடைப்பதால் முனை இன்னும் நீளும், பக்கத்தில் கிளை விடும். 20 மில்லிமோலாரும் 5 நிமிடமும் துகளுக்கான கணக்கே இல்லை. 1 முதல் 5 மில்லிமோலாருக்குள் இறக்கு, நேரத்தை 10 விநாடி, 20 விநாடி, 40 விநாடி, ஒரு நிமிடம் என்று வைத்துத் தனித்தனித் துண்டில் செய்து பார். சிலிக்கனின் பளபளப்பு லேசாக மங்கி, சாய்த்துப் பார்த்தால் பழுப்போ மஞ்சளோ கலந்த ஒரு சாயல் தெரிகிற கட்டத்திலேயே வெளியே எடு. வெள்ளை வெள்ளையாகக் கண்ணுக்குத் தெரிந்தால் துகள் காலம் தாண்டிவிட்டது. உரிந்து போவதும் இதே காரணத்தால்தான். கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கனத்துவிடும், ஆனால் சிலிக்கனோடு அதற்கு இருக்கிற பிடிப்பு வேர்ப்பக்கத்தில் சில புள்ளிகள் மட்டுமே, குழாயைத் திறந்த வேகத்துக்கே கழன்றுவிடும்.

இன்னொன்றும் தெரிந்துகொள். அதிக நேரம் விட்டால் வெள்ளி மேலே வளர்வதோடு நிற்காது, கீழேயும் இறங்கும். துகளுக்கு அடியிலிருக்கிற சிலிக்கன்தான் முதலில் ஆக்சைடாகி எச்.எஃப்.பில் கரைகிறது, துகள் அந்தக் குழிக்குள் அமிழ்கிறது, மறுபடி அடியில் கரைகிறது. 2002இல் சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகத்தில் இதையே வேண்டுமென்று செய்து, வெள்ளி துளைத்துக்கொண்டு போக நடுவில் மிச்சம் நின்ற சிலிக்கனைக் காடு மாதிரி நானோ கம்பிகளாக எடுத்துக் காட்டினார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னால் லி, போன் என்ற இருவர் தங்கமும் பிளாட்டினமும் பூசிய சிலிக்கனை எச்.எஃப்., ஹைட்ரஜன் பெராக்சைடு கலவையில் வைத்து நுண்துளைகள் போட்டார்கள். உன் புராஜெக்டுக்குத் துகள்தான் வேண்டும் என்றால் இந்தப் பாதைக்குள் போகக் கூடாது. எஸ்.இ.எம்.மில் மேலிருந்து மட்டும் பார்க்காமல் ஒரு துண்டை உடைத்துக் குறுக்கு முகத்தையும் பார், துகள் உட்கார்ந்திருக்கிறதா புதைந்திருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

அடுத்து திட்டுத்திட்டாக வருவது. இதற்குக் கரைசலை மாற்றிப் பிரயோஜனம் இல்லை, கரைசலுக்கு முந்தின அரை மணி நேரத்தைப் பார்க்க வேண்டும். வேஃபரை டைமண்ட் ஸ்க்ரைபரால் கீறி உடைத்தாய் அல்லவா, அந்தப் பொடி மேலே ஒட்டியிருக்கும். கை ரேகை எண்ணெய், வேஃபர் பெட்டியின் பிளாஸ்டிக் ஆவி எல்லாம் ஒட்டியிருக்கும். அசிட்டோன், ஐசோபுரொப்பனால், தண்ணீர் என்று கழுவிவிட்டு, அம்மோனியா, ஹைட்ரஜன் பெராக்சைடு, தண்ணீர் மூன்றும் 1:1:5 கலந்த கரைசலில் 75, 80 டிகிரி சூட்டில் 10 நிமிடம் வை. வெர்னர் கெர்ன் என்பவர் 1965இல் ஆர்.சி.ஏ. கம்பெனியில் உருவாக்கிய முறை, இன்றைக்கும் உலகம் முழுக்க சிலிக்கனை இப்படித்தான் குளிப்பாட்டுகிறார்கள். அப்புறம் நீர்த்த எச்.எஃப்.பில் ஒரு முக்கு.

இந்த இடத்தில் ஒரு சோதனை இருக்கிறது, எந்தக் கருவியும் வேண்டாம். எச்.எஃப்.பிலிருந்து எடுத்துத் தண்ணீரில் அலசிய துண்டைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடி. சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த தண்ணீர் மாதிரி உருண்டு ஓடி, துண்டு காய்ந்தே வெளியே வந்தால் ஆக்சைடு போய்விட்டது, சிலிக்கன் மேல் இப்போது ஹைட்ரஜன் மட்டுமே இருக்கிறது. தண்ணீர் எங்காவது படலமாக ஒட்டி நின்றால் அந்த இடத்தில் இன்னும் ஆக்சைடோ அழுக்கோ இருக்கிறது, நாளைக்கு அதே இடம்தான் உனக்கு வெறுந்திட்டாகத் தெரியும். உருண்டு ஓடினால் அதே சூட்டோடு வெள்ளிக் கரைசலுக்குப் போ. மத்தியானம் சுத்தம் செய்துவிட்டுச் சாயங்காலம் முக்கலாம் என்று மூடி வைத்தால் செய்த வேலை வீண்.

ஒரு ஓரம் மட்டும் திரள்வதற்கு நீ எழுதாத ஒரு காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்டீல் ட்வீசரால் பிடிக்கிறாயா? இரும்பும் வெள்ளிக்கு எலக்ட்ரான் கொடுக்கும், அதனால் பிடித்த இடத்தைச் சுற்றிக் கறுப்பாக வெள்ளி குவியும், கரைசலும் கெட்டுப்போகும். டெஃப்லான் அல்லது பாலிபுரொப்பிலின் ட்வீசர் வாங்கிக்கொள். கீறி உடைத்த விளிம்பிலும் வெள்ளி முந்திக்கொண்டு ஏறும், அதனால் அளவெடுக்கும்போது ஓரத்தை விட்டுவிட்டு நடுப்பகுதியை எடு. ஜன்னல் வெளிச்சமும் வித்தியாசம் செய்யும். சிலிக்கன் ஒளி பட்டால் எலக்ட்ரான் கிளம்புகிற பொருள் அல்லவா, காலையில் செய்ததும் இரவில் செய்ததும் ஒத்துப்போகாது. ஒரே வெளிச்சத்தில் செய், வெள்ளி நைட்ரேட்டை எப்போதும் பழுப்பு பாட்டிலில் வை.

தண்ணீரைப் பற்றி நீ ஒரு வரி கூட எழுதவில்லை. நம் ஊரில் நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று பிரித்துத்தான் பேசுவோம், ஆனால் இந்த வேலைக்குச் சிறுவாணித் தண்ணீர் கூட உப்புத் தண்ணிதான். ஒரு சோதனைக் குழாயில் போர் தண்ணீரைப் பிடித்து வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டுப் பார், பால் விட்ட மாதிரி சட்டென்று வெளுத்துவிடும். தண்ணீரிலிருக்கிற குளோரைடு வெள்ளியைப் பிடித்துக்கொண்டு வெள்ளி குளோரைடாக இறங்குகிறது. உன் பீக்கரில் இவ்வளவு தெரியாமல் போகலாம், ஆனால் 1 மில்லிமோலார் கரைசலில் இருக்கிற வெள்ளியே கொஞ்சம், அதிலும் ஒரு பங்கை உப்பு தின்றுவிட்டால் நேரக் கணக்கு எல்லாம் தப்பாகும். பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டரை நம்பாதே, ஆர்.ஓ. தண்ணீரும் வேண்டாம். 18 மெகாஓம் தண்ணீர், அதாவது உப்பு ஏறக்குறைய முழுக்க நீக்கிய தண்ணீர், எந்த லேபில் கிடைக்கிறதோ அங்கிருந்து பிளாஸ்டிக் கேனில் கொண்டு வா. பீக்கரை விம் போட்டுக் கழுவிய பிறகு கடைசி அலசலும் அந்தத் தண்ணீரிலேயே இருக்கட்டும்.

எடுத்த பிறகு குழாயடியில் காட்டாதே. ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் சுத்தத் தண்ணீர் வைத்து மெதுவாக முக்கி எடுத்து, நைட்ரஜன் ஊதிக் காய வை.

கோவை கணபதியிலிருந்து பிளேட்டிங் ஷாப் வைத்திருப்பவர்: நாங்கள் கரண்ட் இல்லாமல் எலக்ட்ரோலெஸ் நிக்கல் போடுகிறோம். நீங்கள் சொல்வது அதுதானா? நம்ம ஷாப்பிலேயே இதைச் செய்து கொடுக்க முடியுமா, எச்.எஃப். எங்கே வாங்குவது?

அது வேறுங்க. உங்கள் நிக்கல் தொட்டியில் எலக்ட்ரான் கொடுப்பது ஹைப்போஃபாஸ்பைட் என்ற உப்பு, அது தொட்டியிலேயே கரைந்திருக்கிறது. 1946இல் அமெரிக்காவில் பிரென்னர், ரிடெல் இருவரும் கண்டுபிடித்த வழி. பூச்சு விழ விழ அந்த நிக்கலே அடுத்த நிக்கலை வரவழைக்கும், நீங்கள் 90 டிகிரியில் தொட்டியைக் கவனித்துக்கொண்டே இருந்தால் வேண்டிய மைக்ரான் வரைக்கும் ஏற்றலாம். சிலிக்கன் மேல் வெள்ளி விழுவதில் எலக்ட்ரான் கொடுக்கிற முதலாளி சிலிக்கனே, வெளியே இருந்து யாரும் கொடுக்கவில்லை. சிலிக்கன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே வெள்ளியைப் பெற்றுக்கொள்கிறது. தடிமனான பூச்சுக்கு இது உதவாது, துகளுக்குத்தான் சரி. பிளாஸ்டிக்குக்குப் பல்லேடியம் கொடுத்து நிக்கல் ஏற்றுகிறீர்கள் அல்லவா, சிலிக்கனிலும் அப்படிப் பல்லேடியத் துகளை முதலில் இந்த முறையில் உட்கார வைத்து, அதன் மேல் உங்கள் நிக்கலை ஏற்றலாம். நிக்கலை நேராகவே சிலிக்கனிலிருந்து வரவழைக்க அமிலக் கரைசல் சரிப்படாது, அம்மோனியம் ஃபுளோரைடு கலந்த காரக் கரைசல் வேண்டும்.

எச்.எஃப். எங்கே வாங்குவது என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. தயவுசெய்து ஷாப்பில் வேண்டாம். சல்ஃப்யூரிக், நைட்ரிக் எல்லாம் கையாண்டு பழகியவர் நீங்கள், அந்தப் பழக்கமே இதில் ஆளை ஏமாற்றும். மற்ற அமிலம் பட்டால் உடனே எரியும், கையை உதறித் தண்ணீருக்கு ஓடுவீர்கள். நீர்த்த எச்.எஃப். பட்டால் அந்த நேரத்தில் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வலி ஒரு நாள் வரைக்கும் கூடத் தள்ளி வரும். அதற்குள் ஃபுளோரைடு தோலைத் தாண்டி உள்ளே இறங்கி, உடம்பிலிருக்கிற கால்சியத்தைப் பிடித்துக் கட்டிவிடும், எலும்பு வரை போகும், ரத்தத்தில் கால்சியம் சரிந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். கொஞ்சம் பரப்பில் பட்ட கெட்டியான எச்.எஃப். உயிரை எடுத்திருக்கிறது. அதைக் கண்ணாடியில் வைக்க முடியாது, கண்ணாடியையே கரைக்கும். ஃபியூம் ஹூட் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றுகிற கூண்டு), முகக் கவசம், ஏப்ரன், மெல்லிசு நைட்ரைல் கையுறைக்கு மேல் தடித்த நியோப்ரீன் கையுறை, கை எட்டுகிற தூரத்தில் 2.5 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் ஜெல், பக்கத்தில் விவரம் தெரிந்த இன்னொரு ஆள், இத்தனையும் இல்லாத இடத்தில் பாட்டிலின் மூடியைத் திறக்கவே கூடாது.

இதோடு சேர்த்துப் பிளேட்டிங்காரர்களுக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃபேப்ரிகேஷன்காரர்களுக்கும் ஒரு விஷயம். வெல்டிங் கறுப்பை எடுக்கத் தடவுகிறீர்களே பிக்லிங் பேஸ்ட், பெரும்பாலும் அது நைட்ரிக்கும் எச்.எஃப்.பும் கலந்த சரக்கு. பீளமேட்டிலும் கணபதியிலும் வெறும் கையில் பிரஷ் பிடித்துத் தடவுகிற பையன்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. டப்பாவின் லேபிளைப் படியுங்கள். ஹைட்ரோஃபுளோரிக் என்று இருந்தால் இன்றைக்கே அந்த ஜெல்லை வாங்கி ஷாப்பில் வையுங்கள். பட்டுவிட்டால் உடனே தண்ணீரில் நன்றாக அலசி, ஜெல்லைத் தடவித் தேய்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அங்கே போனதும் முதல் வார்த்தையாக எச்.எஃப். பட்டது என்று சொல்லுங்கள். வலி இல்லையே என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

அவிநாசியிலிருந்து ஒரு பிளஸ் டூ வேதியியல் ஆசிரியை: எச்.எஃப். இல்லாமல் மாணவர்களுக்கு இதைக் காட்ட வழி உண்டா?

உண்டுங்க, இரண்டு வழி.

மின்வேதியியல் பாடத்துக்கு என்றால் சிலிக்கனே வேண்டாம். நீர்த்த வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, அதில் மெல்லிய செம்புக் கம்பித் துண்டைப் போட்டு மைக்ராஸ்கோப்பின் கீழ் வையுங்கள். கம்பியிலிருந்து வெள்ளி முளைத்துக் கிளை விட்டு வளர்வதைப் பிள்ளைகள் நேரிலேயே பார்க்கலாம். கோபி மாணவிக்குச் சொன்ன அந்தக் கிளைகள் ஏன் முனையில் மட்டும் ஓடுகின்றன என்று அவர்களையே கேளுங்கள். வெள்ளி நைட்ரேட் கையில் பட்டால் கறுத்துவிடும், சில நாள் போகாது, கண்ணில் படவே கூடாது. கையுறையும் கண்ணாடியும் போட வையுங்கள்.

நானோ துகளையே காட்ட வேண்டும் என்றால் தங்கம் இருக்கிறது. துகளை முதலில் கரைசலில் செய்து, அப்புறம் தகட்டில் ஒட்ட வைக்கிற வழி இது. தங்கக் குளோரைடின் நீர்த்த கரைசலைக் கொதிக்க வைத்து டிரைசோடியம் சிட்ரேட்டை ஊற்றினால், வெளிர் மஞ்சள் நிறம் மறைந்து, கொஞ்ச நேரம் நிறமே இல்லாமல் இருந்து, கருநீலமாகி, அப்புறம் திராட்சை ரசச் சிவப்பில் வந்து நிற்கும். 1951இல் டர்கெவிச் குழு விரிவாக ஆராய்ந்த முறை. சிவப்பில் நிற்கிற துகள் பெரும்பாலும் 15, 20 நானோமீட்டர். 1857லேயே ஃபாரடே தங்கத்தின் இந்தச் சிவப்பைப் பார்த்து, மிக நுண்ணிய துகளாய்த்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். சிவந்த கரைசலில் ஒரு சிட்டிகை சாப்பாட்டு உப்பைப் போட்டால் நீலமாக மாறிவிடும், துகள்கள் ஒன்றாகத் திரண்டதன் அடையாளம். வகுப்பில் கை தட்டுவார்கள். தங்க உப்பு விலை அதிகம், ஆனால் ஒரு செய்முறைக்கு மில்லிகிராம் கணக்கில்தான் வேண்டும்.

இந்தச் சிவப்புத் துகளைச் சிலிக்கனில் ஒட்ட வைக்க, ஆக்சைடை எடுக்காமல் அதையே பயன்படுத்திக்கொள்வார்கள். ஆக்சைடின் மேல் அமினோ சிலேன் என்ற மூலக்கூறை ஒரு அடுக்கு படிய வைத்தால் மேல்பரப்பு நேர்மின்னேற்றம் கொண்டதாகிவிடும். சிட்ரேட் சூழ்ந்த தங்கமோ எதிர்மின்னேற்றம். துண்டைச் சிவப்புக் கரைசலில் சில மணி நேரம் ஊற வைத்தாலே துகள்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். துகளின் அளவு முன்கூட்டியே நம் கையில் இருக்கிறது என்பது இதில் பெரிய லாபம். ஆனால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் பரப்பு முழுக்க நெருக்கமாக நிரம்பாது, காய வைக்கும்போது தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்க் கும்பல் சேர்த்துவிடும். சிலேன் வேலை பள்ளியில் வேண்டாம், பக்கத்துக் கல்லூரியில் கேளுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் நானோ அறிவியலுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, பிள்ளைகளை ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டலாமா என்று எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்: இதையெல்லாம் செய்து கடைசியில் யாருக்கு என்ன பிரயோஜனம்? நொய்யல் தண்ணீரில் சாயம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க உதவுமா?

உதவும், ஆனால் எவ்வளவு தூரம் என்பதைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். 1928 பிப்ரவரி 28 அன்று சி.வி. ராமன் கண்ட விளைவு உங்களுக்குத் தெரியும், அந்த நாளைத்தான் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். ஒரு மூலக்கூறில் பட்டுச் சிதறுகிற ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வரும், அந்த மாற்றம் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனி, அதை வைத்தே இன்ன பொருள் என்று சொல்லிவிடலாம். தொல்லை என்னவென்றால் அந்த ஒளி ரொம்ப மங்கல். 1974இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ஃப்ளைஷ்மன் குழு, சொரசொரப்பான வெள்ளியில் ஒட்டிய பிரிடின் என்ற வேதிப்பொருளிலிருந்து எதிர்பாராத அளவுக்குப் பலமான ராமன் ஒளி வருவதைப் பார்த்தது. ஒட்டிய பரப்பு கூடியது மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது, வெள்ளியே ஒளியைப் பெருக்குகிறது என்று 1977இல் தெளிவானது. இரண்டு வெள்ளித் துகளுக்கு நடுவில் சில நானோமீட்டர் சந்து இருந்தால் அந்தச் சந்தில் ஒளியின் மின்புலம் பல மடங்கு கூடும், அங்கே சிக்கிய மூலக்கூறு உரக்கப் பேசும். சிலிக்கனில் முக்கி எடுத்த வெள்ளித் துகள்கள் இதற்குத் தோதாக நெருங்கி உட்காருகின்றன, செலவும் குறைவு. அதனால்தான் இவ்வளவு ஆராய்ச்சி.

இந்தத் துறையில் பரிசோதனைக்கு முதலில் எடுப்பதே ரோடமைன் சாயம்தான். பஞ்சு மிட்டாயில் ரோடமைன் பி இருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு தடை போட்டதே, அந்தக் குடும்பம். வெள்ளியில் நன்றாக ஒட்டுகிற இந்த மாதிரி சாயத்தை மிகக் குறைந்த அளவிலும் காட்டிவிடும். பூச்சிமருந்து எச்சத்துக்கும் முயல்கிறார்கள், கந்தகம் உள்ள மருந்துகள் வெள்ளியை விட்டுப் போகாது.

ஆனால் லேபில் சுத்தத் தண்ணீரில் கலந்த ஒரு சாயம் வேறு, நொய்யல் தண்ணீர் வேறு. அதில் உப்பு இருக்கிறது, சோப்பு இருக்கிறது, மண் இருக்கிறது, பத்துவிதச் சாயம் சேர்ந்திருக்கிறது. எல்லாம் வெள்ளி மேல் இடம் பிடிக்கப் போட்டியிடும், நமக்கு வேண்டியது அடியில் போய்விடும். உப்பு வெள்ளியையே அரிக்கும். ஒரே வேஃபரில் இந்தப் பக்கம் ஒரு அளவும் அந்தப் பக்கம் ஒரு அளவும் வரும், அதனால் இருக்கிறதா என்று சொல்ல வல்லது, எவ்வளவு இருக்கிறது என்று சொல்லத் திணறும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது நினைவிருக்கும். கோர்ட்டில் நிற்கிற மாதிரி ஒரு அளவு வேண்டும் என்றால் இன்றைக்கும் பெரிய லேபின் குரோமட்டோகிராஃபிதான் (கலவையைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கிற முறை). இதை நான் முதல் சல்லடையாகத்தான் பார்க்கிறேன். எந்த மாதிரியைப் பெரிய லேபுக்கு அனுப்புவது என்று ஆற்றங்கரையிலேயே தீர்மானிக்க முடிந்தால் அதுவே பெரிய காரியம், அந்த அளவுக்கு இது வரும் என்று நம்புகிறேன். வெள்ளிக்கு ஆயுசும் குறைவு. காற்றில் இருக்கிற கந்தகம் பட்டுக் கொலுசு கறுப்பது போலவே துகளும் கறுக்கும், அதுவும் சீக்கிரம். செய்த உடனே பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் நைட்ரஜன் நிரப்பிய பையில் வைக்க வேண்டும்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு விவசாயி: தோப்பில் சோலார் மோட்டார் போட்டிருக்கிறேன். பேனலுக்குள்ளும் இந்த வெள்ளித் துகள் இருக்குதுங்களா?

மேலே தெரிகிற மெல்லிய கோடுகள் வெள்ளி பேஸ்ட்டை அச்சடித்துச் சுட்டது, அது வேறு. பளபளப்பான சிலிக்கன் தன் மேல் விழுகிற வெயிலில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும், அதனால் பரப்பைச் சொரசொரப்பாக்குவார்கள். மோனோ பேனல் (ஒரே படிகமான சிலிக்கன்) என்றால் காரக் கரைசலில் பிரமிடு பிரமிடாக அரிப்பார்கள். பாலி பேனலுக்கான (பல படிகம் சேர்ந்த) சிலிக்கனை டைமண்ட் கம்பியால் அறுக்க ஆரம்பித்த பிறகு பழைய அமில முறை சரியாகப் பிடிக்கவில்லை, அப்போது பல கம்பெனிகள் வெள்ளித் துகளைப் படிய வைத்துக் குழி பறிக்கிற இந்த வழிக்கு வந்தன. கறுப்புச் சிலிக்கன் என்று விற்றது அதுதான். குழி பறித்து முடிந்ததும் வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கழுவி எடுத்துவிடுவார்கள், உள்ளே விட்டுவைத்தால் பேனலுக்கே கெடுதல்.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி: நானோ வெள்ளித் தண்ணீர் குடித்தால் எதிர்ப்பு சக்தி கூடும் என்று பாட்டில் விற்கிறார்கள். வாங்கலாமா?

வாங்காதீங்க. தொடர்ந்து குடித்தால் தோல் நிரந்தரமாக நீலம் கலந்த சாம்பல் நிறமாகிவிடும், ஆர்ஜிரியா என்று பெயர், அதைத் திருப்ப வழி இல்லை. எந்த நோய்க்கும் அது மருந்து இல்லை.

அதே கோபி மாணவியின் இரண்டாவது கடிதம்: பயன்படுத்திய கரைசலை எங்கே ஊற்றுவது? எங்கள் லேபில் சிங்க்கில்தான் விடுகிறோம்.

இன்றோடு நிறுத்த வேண்டும். வெள்ளி அயனி தண்ணீரில் வாழ்கிற நுண்ணுயிர்க்கும் மீனுக்கும் கடும் விஷம், அந்த சிங்க்கின் தண்ணீர் கடைசியில் ஏதோ ஒரு பள்ளத்துக்கோ பவானிக்கோதான் போகும். எச்.எஃப். கலந்த கழிவைத் தனி பாலித்தீன் கேனில் சேர்த்து, ஃபியூம் ஹூட்டுக்குள் சுண்ணாம்பு நீரையோ கால்சியம் குளோரைடையோ கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கச் சொல்லு, ஆசிரியர் முன்னால் நின்று செய்யட்டும். ஃபுளோரைடில் பெரும்பகுதி கால்சியம் ஃபுளோரைடாக வெள்ளையாய்க் கீழே இறங்கிவிடும். கால்சியம் குளோரைடு சேர்த்தால் அமிலம் தீராது, அதற்கும் கடைசியில் சுண்ணாம்பு விட்டு பி.எச். 7, 8 வரும் வரை கொண்டுபோக வேண்டும். எச்.எஃப். இல்லாத வெள்ளிக் கழிவில் உப்புத் தண்ணீரை விட்டால் வெள்ளி குளோரைடு தயிர் தயிராக இறங்கும், வடிகட்டிச் சேர்த்து வைத்தால் அதிலிருந்து வெள்ளியை மீட்கலாம், சேலத்துக்காரர்கள் ஒரு பொடியையும் வீணாக்க மாட்டார்கள். அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசல் எதையும், கண்ணாடிக்கு வெள்ளி பூசுகிற சோதனையில் மிஞ்சுகிறதே அது உட்பட, மூடி வைத்துவிட்டு லீவுக்குப் போகாதே. வைக்க வைக்க அதில் வெடிக்கிற பொருள் உண்டாகும், பாட்டிலை நகர்த்தினாலே வெடிக்கலாம். அன்றன்றைக்கே நீர்த்த அமிலம் விட்டு அமிலத்தன்மைக்குக் கொண்டுவந்து, அப்புறம் உப்புப் போட்டு இறக்கிவிடு. கேன் மேல் என்ன கழிவு, எந்தத் தேதி என்று எழுதி ஒட்டு, முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாதே.